புது ஸ்டார்ட்டர் வாங்குமுன் சத்தத்தைக் கேளுங்கள்!

மும்பை டாக்சி ஓட்டுநருக்குக் காலை முதல் சவாரி முக்கியம். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது. "டிக் டிக்" என்று சத்தம் மட்டும் வரும். "ஸ்டார்ட்டர் போச்சு, புதுசு போடு" என்பார்கள். பல சமயம் ஸ்டார்ட்டர் மேல் குற்றமே இருக்காது. எந்தச் சத்தம் என்று கவனித்தால் வீண் செலவு மிச்சம்.

படபடவென்று "டிக் டிக்": பாட்டரி இறங்கியிருக்கும்; அல்லது டெர்மினல் தளர்ந்தோ பூத்தோ இருக்கும். முகப்பு விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணைந்தால் சந்தேகம் இங்கேதான். நல்ல பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும்.

ஒரே ஒரு "டக்": விளக்கு மங்காவிட்டால் சோலனாய்டு முனையோ, கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். பிரஷ் மட்டும் மாற்றினாலே போதும் என்பதும் உண்டு.

"உய்ங்" என்ற சுழற்சி: மோட்டார் சுற்றியும் எஞ்சின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ் வழுக்குகிறது.

"கரகர" சத்தம்: பினியன் பல்லோ, ஃப்ளைவீல் பல்லோ தேய்ந்துவிட்டது. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஃப்ளைவீல் பல் போனால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும்.

பூத்த டெர்மினலை வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். வெந்நீரில் துடைத்து, காய்ந்ததும் இறுக முடுக்கி, வாஸ்லின் தடவுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

சாவியைத் தொடர்ந்து 10 வினாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. மோட்டார் சூடேறிக் கருகும்.

மெக்கானிக்கிடம் போனால், ஸ்டார்ட்டரைக் கழற்றுமுன் பாட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் காசில்லை!