டாங்கி நிறைய பெட்ரோல், மோட்டார் ஏன் நிற்கிறது?

மாணவர்களே, உங்கள் வீட்டு வாசலில் பழைய கப்சாய் ஒன்று நிற்கிறதா? அப்பா வேலைக்குப் போக, தாத்தா கோயிலுக்குப் போக என்று ஆண்டுக் கணக்கில் உழைத்த வண்டியாக இருக்கும். 1958இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் கப்' வகை வண்டிகளின் வழிவந்தது அது. புதிய வண்டிகளில் பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கிறது. பழைய வண்டியில் அந்த வேலையைச் செய்வது கார்புரேட்டர். மின்சாரம் இல்லை, கணினி இல்லை, காற்றழுத்தமும் புவியீர்ப்பும்தான். அதனால்தான் அதன் கோளாறுகளை இயற்பியல் பாடத்தைக் கொண்டே கண்டுபிடிக்க முடிகிறது.

என் அப்பாவின் வண்டிக்கு ஒருமுறை விசித்திரமான நோய் வந்தது. டாங்கியை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் இரண்டு, மூன்று கிலோமீட்டரில் இன்ஜின் திணறி நின்றுவிடும். ஐந்து நிமிடம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஓடும். டாங்கி பாதியாக இருக்கும் நாட்களில் பிரச்சினையே இல்லை. "அந்த ஸ்டேஷன் பெட்ரோல் சரியில்லை" என்றார் அப்பா. வேறு ஸ்டேஷனுக்கு மாறினார். அங்கும் அதே கதை. மோட்டார் கடையில் கார்புரேட்டரையே மாற்றினார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடியது. மீண்டும் டாங்கியை நிரப்பினார். மழை பெய்த மாலையில், சாலைச் சந்திப்பின் நடுவில் வண்டி நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனது. அன்றிரவு அவர் அதிகம் பேசவில்லை.

பெட்ரோல் போகும் வழியை முதலில் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். இருக்கைக்கு அடியில் டாங்கி. அங்கிருந்து குழாய், வடிகட்டி. பிறகு கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு கிண்ணம். கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை உயர்ந்து ஊசி போன்ற வால்வை மூடும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் அதே ஏற்பாடுதான். கிண்ணத்துக்கு மேலே காற்று செல்லும் பாதை ஓரிடத்தில் குறுகுகிறது. குறுகிய இடத்தில் காற்று வேகமாகப் போகும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். டேனியல் பெர்னூலி 1738இல் எழுதி வைத்தது இது. கிண்ணத்தின் மேல் இருக்கும் வளிமண்டல அழுத்தம், 'ஜெட்' எனப்படும் நுண்துளை வழியாகப் பெட்ரோலை மேலே தள்ளிவிடுகிறது. பெட்ரோலை இன்ஜின் 'உறிஞ்சுகிறது' என்று சொல்கிறோம். உண்மையில் நம்மைச் சுற்றியுள்ள காற்றுதான் அதைத் தள்ளுகிறது. முழுமையாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும்.

இனி கேள்வி ஒன்றுதான்: பாதையில் எந்த இடம் வரை பெட்ரோல் வந்து சேர்கிறது?

இதற்கு எளிய சோதனை, கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்திப் பார்ப்பது. ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும், இன்ஜின் ஆறியிருக்கட்டும், வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், சற்றுத் தள்ளி எரியும் நெருப்பில்கூடப் பற்றிக்கொள்ளும். சிகரெட் பிடிக்கும் மாமாவை அந்தப் பக்கம் வர விடாதீர்கள். பெட்ரோலைப் பிடிக்கக் கண்ணாடி ஜாம் பாட்டில் நல்லது. வெள்ளை நுரைக் கோப்பை வேண்டாம். பாலிஸ்டைரீன் பெட்ரோலில் கரைந்து, உங்கள் கண்முன்னே கோப்பையின் அடி காணாமல் போகும்!

பாட்டிலில் என்ன தெரிகிறது? ஒன்றுமே வரவில்லை என்றால் அடைப்பு மேலே இருக்கிறது: குழாய், வடிகட்டி அல்லது மிதவை வால்வு. (சில மாடல்களில் இன்ஜின் ஓடும்போது மட்டும் திறக்கும் வெற்றிட வால்வு உண்டு. அவற்றில் கிண்ணத்தில் இருப்பது மட்டும் வடிந்து நிற்கும்; அது கோளாறல்ல.) பாட்டிலின் அடியில் முத்து முத்தாக ஏதாவது உருள்கிறதா? அது தண்ணீர். பெட்ரோலின் அடர்த்தி தண்ணீரில் முக்கால் பங்குதான். அதனால் தண்ணீர் அடியில் தங்கி ஜெட்டை மறிக்கும். பெட்ரோல் தாராளமாக வருகிறது, ஆனால் முறுக்கினால்தான் இன்ஜின் ஓடுகிறது, விட்டதும் அணைகிறது என்றால், மெதுவான ஓட்டத்துக்கான சிறிய ஜெட் அடைத்திருக்கலாம். நீண்ட நாள் ஓடாத வண்டியில் பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகி, மிச்சம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசினாக மாறிவிடும்.

ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். 0.40 மில்லிமீட்டர் துளை 0.44 ஆகிவிட்டால் என்ன, முடியளவு வித்தியாசம்தானே என்று தோன்றும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் துளை 21 விழுக்காடு பெரிதாகியிருக்கும். அப்புறம் பிளக்கின் முனை கரிபிடித்துக் கறுத்துப் போகும். அதற்கென உள்ள துப்புரவுத் திரவமும் காற்றடிப்பும் போதும்.

அப்பாவின் வண்டிக்கு வருவோம். டாங்கி நிரம்பியிருந்தபோதே வடிகால் திருகைத் தளர்த்தினோம். பெட்ரோல் நன்றாக வந்தது. கொஞ்ச நேரத்தில் நூலாக மெலிந்தது. பிறகு சொட்டு. அப்போது டாங்கியின் மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். சொட்டு மறுபடி ஓட்டமானது!

மூடியில் காற்று நுழைய ஒரு சிறு துளை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று வந்தாக வேண்டும். துளையில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இறுகியிருந்தன. காற்று மிக மெதுவாகத்தான் கசிந்து உள்ளே போனது. அதனால்தான் ஐந்து நிமிட ஓய்வில் வண்டி 'குணமானது'.

ஆனால் நிரம்பிய டாங்கியில் மட்டும் ஏன்? டாங்கிக்கும் கார்புரேட்டருக்கும் இடையே ஒரு சாண் உயரம், அதாவது 20 சென்டிமீட்டர், என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் = உயரம் × அடர்த்தி × g. 0.2 × 740 × 9.8 போட்டுப் பாருங்கள்: சுமார் 1,450 பாஸ்கல். பெட்ரோலைக் கீழே தள்ளும் பலம் அவ்வளவுதான். வளிமண்டல அழுத்தமோ சுமார் 101,000 பாஸ்கல். டாங்கிக்குள் இருக்கும் அழுத்தம் நூற்றில் ஒன்றரைப் பங்கு குறைந்தாலே ஓட்டம் நின்றுவிடும்.

இனி பாயில் விதி. டாங்கி பாதி காலியாக இருந்து, உள்ளே 2,000 மில்லிலிட்டர் காற்று இருந்தால், அழுத்தம் அவ்வளவு குறைய ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் பெட்ரோல் வெளியேற வேண்டும். விளிம்பு வரை நிரப்பி, 200 மில்லிலிட்டர் காற்று மட்டும் இருந்தால்? 3 மில்லிலிட்டர் போதும். டாங்கிக்குள் பெட்ரோல் ஆவியும் கலந்திருப்பதால் உண்மையான எண்கள் இதைவிடக் கூடும். ஆனால் பத்து மடங்கு வித்தியாசம் மாறாது. அப்பாவின் வேலையிடம் நான்கு கிலோமீட்டர்தான். டாங்கி பாதியாக இருந்த நாட்களில், அழுத்தம் போதிய அளவு குறைவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெட்ரோல் ஸ்டேஷன் மீது சந்தேகம் வந்ததும் இதனால்தான். நிரப்பிய பிறகு நின்றது உண்மை. குற்றம் ஊற்றிய பெட்ரோலில் இல்லை, அது விட்டுவைத்த காற்றிடத்தில் இருந்தது.

மூடியைக் கழற்றிக் கழுவி, தையல் ஊசி முனையால் துளையின் அழுக்கை எடுத்தோம். (ஜெட்டுக்குக் கூடாது என்றேன்; மூடித் துளைக்குப் பரவாயில்லை, அதன் அளவு துல்லியமாக இருக்கத் தேவையில்லை.) டாங்கியை நிரப்பி, பெரிய சாலையைத் தவிர்த்து, குடியிருப்புக்குள்ளேயே எட்டு சுற்று வந்தார் அப்பா. வண்டி நிற்கவில்லை.

மோட்டார் கடையில் கழற்றிக் கொடுத்த அந்தப் பழைய கார்புரேட்டர் இன்னும் எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.