பின்னாலிருந்து 'ஊ...'ன்னு சத்தமா? டிஃபரென்ஷியல் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

முகூர்த்த நாட்கள் நெருங்கிவிட்டால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பட்டு எடுக்க வரும் குடும்பங்களை இறக்கிவிடும் இன்னோவா, பொலிரோ ஒரு பக்கம். சரக்கு ஏற்றிய டாடா ஏஸ் இன்னொரு பக்கம். பக்கத்து கூரம் போன்ற கிராமங்களில் ஒரு வீட்டின் வருமானமே இப்படி ஒரு வண்டியை நம்பி இருப்பதும் உண்டு. இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுபவர்கள்கூட மறந்துவிடும் இன்னொரு ஆயில், அந்த வண்டிகளின் பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கிறது.

அது குறைந்தால் டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. ஒருநாள் வேகமெடுக்கும்போது பின்னாலிருந்து 'ஊ...' என்று சத்தம் கேட்கும். அதற்குள் உள்ளே பல்சக்கரம் தேய ஆரம்பித்திருக்கலாம். ஆயிலோடு போகவேண்டிய செலவு, கிரவுன் - பினியன் செட், பேரிங், லேபர் என்று பல ஆயிரங்களில் போய் நிற்கும்.

டிஃபரென்ஷியல் என்ன செய்கிறது?

மாட்டுவண்டி வளைவில் சிரமமில்லாமல் திரும்பும். காரணம், அதன் இரண்டு சக்கரங்களும் அச்சில் தனித்தனியாகச் சுற்றுபவை. காரில் அப்படி விட முடியாது. இன்ஜின் இரண்டு சக்கரங்களையும் சுற்றவைக்க வேண்டும். ஆனால், திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு தெருமுனையில் செங்கோணமாகத் திரும்பும்போது வெளிச்சக்கரம் சுமார் 2.2 மீட்டர் கூடுதலாக ஓடும். இந்த வித்தியாசத்தைச் சமாளித்து, இரண்டு பக்கமும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரென்ஷியல்.

இங்குள்ள கிரவுன், பினியன் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு, கடும் அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டும் நகர்கின்றன. சாதாரண ஆயில் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். அதனால்தான் இதற்கான கியர் ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாடைக்குக் காரணம் இதுதான்.

என் காரில் இது இருக்கா?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இதே மாவட்டத்தில், இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வரும் ஹூண்டாய் ஐ20, கிரெட்டா போன்றவை முன்சக்கரம் இழுக்கும் கார்கள். ஸ்விஃப்ட், ஆல்ட்டோவும் அப்படித்தான். இவற்றில் டிஃபரென்ஷியல் முன்னால் கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருக்கிறது. பின்னால் தேடினால் கிடைக்காது.

அம்பாசிடர், ஆம்னி, ஈகோ, பொலிரோ, சுமோ, இன்னோவா கிரிஸ்டா, டாடா ஏஸ் போன்ற பின்சக்கரம் தள்ளும் வண்டிகளில் இது உண்டு. பின்னால் குனிந்து பார்த்தால், அச்சின் நடுவே வயிறு புடைத்தது போன்ற உருண்டை தெரியும்.

எப்போது மாற்றணும்?

கிலோமீட்டர் கணக்கு மாடலுக்கு மாடல் வேறுபடும். உரிமையாளர் கையேட்டில் இருப்பதே கணக்கு. ஒரே ஒரு விதிவிலக்கு: பின் அச்சு மூழ்கும் அளவு வெள்ளத்தில் வண்டி ஓடியிருந்தாலோ நின்றிருந்தாலோ, கணக்கெல்லாம் பார்க்காமல் ஆயிலைப் பரிசோதிக்க வேண்டும். 2015 டிசம்பர் மழையையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த காஞ்சிபுரம், சென்னை வட்டாரத்துக்கு இது முக்கியம். ஓடிச் சூடான அச்சு திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அப்போது 'ப்ரீத்தர்' எனும் காற்றுத்துளை வழியாகவோ, தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீர் உள்ளே இழுக்கப்படலாம்.

எந்த ஆயில்?

பின் அச்சுக்குப் பெரும்பாலும் 'ஜிஎல்-5' தரம் கேட்பார்கள். 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 போன்ற எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை. கியர்பாக்ஸுக்கு 'ஜிஎல்-4' கேட்டிருந்தால் மிச்சமான ஜிஎல்-5 ஆயிலை அதில் ஊற்றிவிடக் கூடாது. சில வகை ஜிஎல்-5 ஆயில்கள் அங்குள்ள பித்தளைப் பாகங்களை அரிக்கக்கூடும்.

எப்படி மாற்றுவது?

1. வண்டியை 10 - 15 நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். வெதுவெதுப்பான ஆயில் முழுசாக வடியும். சைலன்சர் குழாய் சுடும், கவனம்.

2. சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுங்கள். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். வண்டியைத் தூக்கினால் இரண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டு கட்டாயம். வெறும் ஜாக்கியையோ, அடுக்கிவைத்த செங்கல்லையோ நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. உயரமான வண்டிகளைத் தூக்காமலே வேலையை முடித்துவிடலாம்.

3. மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்றுங்கள். இந்த வேலையின் தங்க விதி இதுதான். கீழ் பிளக்கைத் திறந்து ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு, பிறகு மேல் பிளக் துருப்பிடித்து வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், ஆயிலே இல்லாத வண்டி வீட்டு வாசலில் நிற்கும். ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம்கூடப் போக முடியாது.

4. ட்ரேயை வைத்துவிட்டு கீழே உள்ள டிரெயின் பிளக்கைத் திறங்கள். சில மாடல்களில் கீழ் பிளக் இருக்காது. ஆயிலை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

5. வந்த ஆயிலைப் பாருங்கள். பிளக்கில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். கையில் தட்டுப்படும் இரும்புத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கலாம். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் மெக்கானிக் பார்த்தே ஆக வேண்டும்.

6. பிளக்கைத் துடைத்து, புது வாஷர் போட்டு முடுக்குங்கள். மேல் துளை வழியாகக் கை பம்ப் அல்லது ட்யூப் வைத்த பாட்டிலால் புது ஆயிலை ஏற்றுங்கள். பொதுவாக, துளையின் விளிம்பில் ஆயில் கசியத் தொடங்கினால் அளவு சரி. பின்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால், வண்டி சமமாக நிற்கும்போது அளவை மறுபடி பாருங்கள்.

7. ப்ரீத்தரில் மண் அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்துக்கொண்டால் சூட்டில் விரியும் காற்று, ஆயிலை சீல் வழியாக வெளியே தள்ளும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

கூரத்தில் கிடைத்த 7-ம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு, அவ்வூர் ஏரிக்குப் பாலாற்றிலிருந்து வெட்டப்பட்ட பெரும்பிடுகு வாய்க்காலைப் பற்றிச் சொல்கிறது. ஏரியும் கால்வாயும் இவ்வளவு பழைய சொத்தாக இருக்கும் வட்டாரத்தில், ஒன்றிரண்டு லிட்டர்தானே என்று கழிவு ஆயிலைச் சாக்கடையிலோ கொல்லையிலோ ஊற்றினால், அது மழையோடு அங்கேதான் போய்ச் சேரும். அது மண்ணிலும் எளிதில் மக்காது. இந்தியாவில் பயன்படுத்திய ஆயில், 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. அதைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பில் தயாரிப்பாளர்களுக்கும் பங்கு உண்டு என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல், கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

யார் செய்ய வேண்டாம்?

வாரன்டியில் இருக்கும் வண்டி, ஏற்கெனவே சத்தமோ கசிவோ உள்ள வண்டி, ஜாக்கி ஸ்டாண்டு இல்லாத வீடு: இந்த மூன்றுக்கும் ஒர்க்‌ஷாப்தான் சரி. கையேட்டில் 'லிமிடெட் ஸ்லிப்' என்று போட்டிருந்தால் தனி ஆயில் தேவைப்படலாம், கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் கிலோமீட்டரையும் தேதியையும் எழுதி வையுங்கள். மறுநாள் காலை வண்டியை எடுக்கும்முன் ஒரு நிமிடம் குனிந்து தரையைப் பாருங்கள். சொட்டு இல்லையென்றால், தைரியமாகக் கிளம்பலாம்.