கடப்பாரையிலிருந்து கேபினுக்கு எவ்வளவு தூரம்?

ரயில் பாதை ஓரத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் இந்த வண்டியைப் பார்த்திருப்பார்கள். மஞ்சள் நிறம், நீளமான உடம்பு. இழுத்துச் செல்ல தனி இன்ஜின் கிடையாது. பயணிகள் ஏறுவதும் இல்லை. தன் டீசல் இன்ஜினில் தானே ஓடிவரும். வந்த இடத்தில் இரும்புக் கால்களை ஜல்லிக்குள் இறக்கி, ‘தடதட’வென்று அதிர்ந்தபடி கட்டை கட்டையாக நகரும். இதன் பெயர் டேம்பிங் மெஷின். இதுபோல பாதை போடவும் பராமரிக்கவும் உள்ள வண்டிகள் எல்லாவற்றையும் ரயில்வேக்காரர்கள் ‘டிராக் மெஷின்’ என்கிறார்கள்.

இந்த மெஷின் வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்தவர்கள் கேங்மேன்கள். கடப்பாரை, பீட்டர், கூடை, மண்வெட்டி ஆகியவைதான் அவர்களின் கருவிகள். சேரியிலிருந்து கேங் வேலைக்குப் போன அப்பாவும் தாத்தாவும் உள்ள குடும்பங்கள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அவர்கள் முதுகில் இருந்த சுமையில் பெரும்பகுதியை மெஷின் வாங்கிக்கொண்டது. அந்த மெஷினின் கேபினில் உட்கார அவர்கள் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறதா என்பதே இப்போதைய கேள்வி.

ஜல்லிக்கு அடியில் நடப்பது

ரயில் ஓட ஓட, ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் உள்ள ஜல்லி நகர்ந்து இடைவெளி விழும். பாதை தாழும், வளையும். அதைத் தூக்கி நிறுத்தி, அடியில் ஜல்லியை மீண்டும் இறுக்க வேண்டும். முன்பு ஆட்கள் எதிரெதிராக நின்று, பீட்டரால் ஓங்கி அடித்து ஜல்லியைக் கட்டைக்கு அடியில் தள்ளினார்கள். வெயிலில் கொதிக்கும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இதே வேலை.

கான்கிரீட் ஸ்லீப்பர் வந்தபோது நிலைமை மாறியது. அதன் எடை சுமார் 270 முதல் 285 கிலோ. ஒரு கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர்கள். தண்டவாளமோ மீட்டருக்கு 60 கிலோ. ஆள் பலத்தை நம்பி இதைப் பராமரிப்பது கடினம். டேம்பிங் மெஷின் தண்டவாளத்தைக் கவ்வித் தூக்குகிறது. கட்டையின் இரு பக்கமும் இறங்கும் இரும்புக் கால்கள் நொடிக்கு 35 முறை அதிர்ந்து, ஜல்லியைக் கட்டைக்கு அடியில் நெருக்குகின்றன. இன்னொரு மெஷின் சிதறிய ஜல்லியை ஒதுக்கி வடிவம் கொடுக்கிறது. வேறொன்று பாதையை உலுக்கி நிலைப்படுத்துகிறது. அழுக்கு ஜல்லியைத் தோண்டி, சலித்து, நல்லதைத் திரும்பப் போடவும் தனி மெஷின் உண்டு. ஒரு காலத்தில் அந்தச் சலிப்பு வேலையும் ஆட்களின் கையால்தான் நடந்தது.

ஆனாலும் கையும் காலும் ஓய்ந்துவிடவில்லை. கீமேன் இன்றும் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தன் எல்லைப் பாதையை நடந்தே பார்க்கிறார். மழை இரவிலும் கோடை நடுப்பகலிலும் ரோந்து உண்டு. கவனம் முழுக்க வேலையில் இருக்கும்போது பின்னால் ரயில் வந்து உயிரிழப்பவர்களும் இவர்கள்தான்.

மன்மாட்டில் ஒலித்த குரல்

1938 பிப்ரவரியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் மன்மாட்டில், ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட வகுப்புத் தொழிலாளர்கள் மாநாடு நடந்தது. அதற்குத் தலைமை வகித்துப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டும் தொழிலாளர்களின் எதிரிகள் என்று அவர் சொன்னது பலருக்கும் தெரியும். அதே உரையில் கேங்மேன்களைப் பற்றியும் பேசினார் என்பது அவ்வளவாகத் தெரியாது.

ரயில்வேயில் சேரும் தீண்டப்படாதவர் கேங்மேனாகவே வாழ்ந்து கேங்மேனாகவே முடிகிறார் என்றார் அவர். போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பது அரிது. காரணம், போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையையும் செய்ய வேண்டியிருந்தது. தீண்டப்படாதவரை வீட்டுக்குள் விட முடியாதே! ரயில்வே பட்டறைகளில் மெக்கானிக் வேலையும் எட்டாக்கனியாகவே இருந்தது. பம்பாய் துணி ஆலைகளிலும் இதே கதைதான். அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்க வேண்டியிருந்ததால், கூலி அதிகம் தரும் நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்கவில்லை.

இயந்திரத்துக்குச் சாதி தெரியாது. ஆனால் அதை யார் தொடலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. மன்மாட் உரை நமக்குத் தரும் பாடம் இது.

13,187-ம் 799-ம்

இன்று சட்டம் அப்படியில்லை. இடஒதுக்கீடு உண்டு, பதவி உயர்வு உண்டு. ஆனால் எண்களைப் பாருங்கள். 2025-ல் ரயில்வே தேர்வு வாரியம் லெவல்-1 பணிகள் 32,438-க்கு விண்ணப்பம் வாங்கியது. அதில் டிராக் மெயின்டெய்னர், அதாவது பழைய கேங்மேன் வேலை, 13,187 இடங்கள். டிராக் மெஷின் உதவியாளர் 799 இடங்கள் மட்டுமே.

இரண்டுக்கும் ஒரே கல்வித் தகுதி: பத்தாம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. ஒரே தேர்வு, ஒரே உடல்தகுதிச் சோதனை. ஆண்கள் 35 கிலோ எடையைக் கீழே வைக்காமல் 2 நிமிடத்தில் 100 மீட்டர் தூக்கிச் செல்ல வேண்டும். பெண்களுக்கு அது 20 கிலோ. ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு ஒருவர் கையில் கடப்பாரை. மற்றவர் பக்கத்தில் ஹைட்ராலிக் பம்பும் கட்டுப்பாட்டுப் பலகையும். கற்கும் தொழில் வேறு.

மெஷின் பெருகும்போது ஆள் தேவை குறையும். மீதமுள்ள கைவேலையில் ஒரு பகுதி ஒப்பந்ததாரரிடம் போகிறது. ஒப்பந்ததாரர் எடுக்கும் கூலியாட்களுக்கு இடஒதுக்கீடும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அங்கே பாரம் தூக்க நிற்பவர்கள் யார் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்கள் கவனத்துக்கு

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக், வெல்டர் படிப்பவர்களுக்கு டிராக் மெஷின் பிரிவில் டெக்னீஷியன் பணி உண்டு. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவர்கள் ஜூனியர் இன்ஜினியர் (டிராக் மெஷின்) பணிக்குத் தேர்வு எழுதலாம். இந்த வண்டிகளை இயக்கவும் பழுது பார்க்கவும் பிரயாக்ராஜில் ரயில்வேக்குத் தனிப் பயிற்சி மையமே இருக்கிறது. லெவல்-1 தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் தேர்வுக்கு வந்துபோக ரயிலில் இலவசப் பயணம் உண்டு. அவர்கள் கட்டும் 250 ரூபாய் கட்டணமும், தேர்வு எழுதினால் வங்கிச் செலவு போகத் திரும்பக் கிடைக்கும்.

விண்ணப்பத்தில் எந்தப் பணி முதல் விருப்பம் என்று கேட்பார்கள். பிரவுசிங் சென்டரில் அவசரமாக நிரப்பச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். பணிகளின் பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றும் என்ன வேலை என்று தெரிந்துகொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து வரிசைப்படுத்துங்கள். டிராக் மெயின்டெய்னராகச் சேர்ந்தவர்களும் அதோடு நின்றுவிட வேண்டியதில்லை. துறைத் தேர்வு எழுதி மேலே போக வழி இருக்கிறது.

கேங் வேலை கேவலமானதல்ல. அந்த உழைப்பு இல்லாமல் ஒரு ரயிலும் ஓடாது. அதைத் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவின் தலையில் கட்டிவைத்ததுதான் கேவலம்.