திரையின் முதுகைப் பாருங்கள்

மடிப்பு மடிப்பாக மேலேறும் ஜன்னல் திரையான ரோமன் பிளைண்டைத் தைக்கக் கொடுப்பவர்கள் துணியின் முகப்பைத்தான் நெடுநேரம் பார்க்கிறார்கள். பூப் போட்டதா, கோடு போட்டதா, சுவருக்குப் பொருந்துமா என்று. கண்ணாடியை நோக்கித் தொங்கப்போகும் முதுகுப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அறை எவ்வளவு சூடாகும் என்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து நம்மை வந்தடையும் கதிர்களில் பெரும்பகுதி 0.3 முதல் 2.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்குள் அடங்கும். சாதாரணக் கண்ணாடி இவற்றில் பெரும்பாலானவற்றை உள்ளே விட்டுவிடும். ஒளியை உறிஞ்சிய துணி சூடாகித் தானும் கதிர் வீசத் தொடங்கும். சூரியனைவிட அது மிகவும் குளிர்ந்த பொருள் என்பதால் அதன் கதிர்களின் அலைநீளம் 10 மைக்ரோமீட்டரை ஒட்டி நீண்டுவிடுகிறது. என்ன வியப்பு! ஒளிக்கு வழிவிட்ட அதே கண்ணாடி இந்த நீண்ட அலைகளுக்குக் கற்சுவர்.

ஆகவே ஒளியை அது ஒளியாக இருக்கும்போதே திருப்பி அனுப்பிவிட வேண்டும். திரையின் முதுகில் தைக்கும் வெள்ளை லைனிங் செய்வது அதைத்தான். கறுத்த முதுகுள்ள துணி அறையை இருட்டாக்கும், கூடவே தானும் சூடேறி அறைக்குள் வெப்பத்தை விடும். ஜன்னலுக்கு வெளியே கட்டிய மூங்கில் தட்டி இன்னும் மேல், அங்கே வெப்பம் பிறப்பதே வீட்டுக்கு வெளியில்.

சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நேரத்துக்கு சன்ஷேடு போதும். மாலை வெயில் சாய்ந்து அதன் அடியில் நுழைந்துவிடும். பணம் அளவாக இருந்தால் மேற்கு ஜன்னலுக்கு முதலில் செலவழிக்கலாம்.

இனி அளவு. சட்டத்துக்குள் மாட்டுவதென்றால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் எடுத்து, குறைந்ததைக் கொடுங்கள். ஜன்னல்கள் அச்சு அசல் செவ்வகமாக இருப்பது அபூர்வம். இப்படி மாட்டினால் ஓரங்களில் இடுக்கு விழும், மேலே ஏற்றிய மடிப்புகள் கண்ணாடியின் மேல்பகுதியையும் மறைக்கும். மேற்கு ஜன்னலுக்குச் சுவரில் மாட்டுவதையே நான் விரும்புவேன். பக்கத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் அகலம் கூட்டி, கண்ணாடிக்கு மேலே உயர்த்தி மாட்டினால் இரண்டு குறையும் தீரும். துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சூடாகும் காற்று அறைக்குள் கசிவதும் குறையும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் தொங்கும் கயிற்று வளையம் கழுத்தைச் சுற்றி உயிரைப் பறிக்கக்கூடும். கயிறில்லாத வகையையே கேளுங்கள். ஆர்டர் கொடுக்குமுன் லைனிங்கோடு ஒரு மாதிரித் துண்டு வாங்கி, மாலை நான்கு மணிக்கு அந்த ஜன்னலில் ஒட்டிவைத்து, அறைப் பக்கம் கையால் தொட்டுப் பாருங்கள்.