திருத்தணி மலையில் ஆட்டோமேட்டிக் கார் ஏன் தடுமாறுது?

திருத்தணி முருகனைப் பார்க்க 365 படி ஏறாமல், காரிலேயே மேலே போறவங்க நிறைய பேர். அந்த மலைப்பாதையில் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டினவங்க கவனிச்சிருக்கலாம்: ஏறும்போது ரெண்டாவது கியரா மூணாவதான்னு முடிவு பண்ண முடியாமல் வண்டி மாத்தி மாத்திப் போடும். கோளாறு இல்லை. உள்ளே இருக்கிற சாஃப்ட்வேர் அப்படித்தான் யோசிக்குது.

நான் கோடிங் பண்ணிப் பிழைக்கிறவன். எனக்கு இது ஒரு டேபிள். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிச்சிருக்கீங்க, வண்டி என்ன வேகம், இந்த ரெண்டையும் வெச்சுத்தான் கம்ப்யூட்டர் முக்கியமா கியரை முடிவு பண்ணும். ஏத்துற வேகமும் இறக்குற வேகமும் ஒண்ணு இல்லை. உதாரணத்துக்கு, 30-ல் மூணாவதுக்கு ஏத்தினால், 22-க்கு விழுந்தால்தான் ரெண்டாவதுக்கு இறக்கும். சமவெளிக்கு இந்த இடைவெளி போதும். ஏற்றத்தில் மூணாவது விழுந்ததும் இழுவை போய் வேகம் குறையும், ரெண்டாவதுக்கு இறங்கும், வேகம் கூடினதும் மறுபடி மூணாவது.

ஏஎம்டி கார்ல இது இன்னும் உறைக்கும். 2014-ல் மாருதி செலேரியோ மூலமா நம்ம ஊரில் பரவின டெக்னாலஜி இது. உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் மட்டும் ஒரு கருவி இயக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் இழுவை ஒரு கணம் அறுந்துபோகும். மேட்டில் டிராஃபிக்கில் நிற்கும்போது பிரேக் பிடிங்க. ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சே வண்டியைத் தாங்கி நிறுத்தினால் கிளட்ச் கருகும்.

உண்மையான ஆபத்து இறக்கத்தில்தான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், 'பாரம் இல்லை'ன்னு நினைச்சு கார் மேல் கியருக்குப் போயிடலாம். எஞ்சின் பிடிச்சு வைக்கிறது குறைஞ்சு, வேலை மொத்தமும் பிரேக் தலையில் விழும். தொடர்ந்து மிதிச்சால் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும். சரிவை உணர்ந்து கியரைத் தக்கவைக்கிற கார்களும் உண்டு; எல்லாத்திலும் அது கிடையாது. அடுத்த வளைவு எங்கேன்னு உங்களுக்குத்தான் தெரியும், டேபிளுக்குத் தெரியாது.

டேபிளையே மாத்தி எழுதித் தர்ற டியூனிங் கடைகள் இருக்கு. வாரன்ட்டி போகலாம், ஒரு மலைக்காக அது தேவையும் இல்லை. மேனுவல் மோடு இருந்தால் லீவரை அதுக்குத் தள்ளி, ரெண்டாவதில் ஏறுங்க, ரெண்டாவதிலேயே இறங்குங்க. செங்குத்தா இருந்தால் முதல் கியர். பிரேக்கை விட்டு விட்டு மிதிங்க.

நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறது வேண்டவே வேண்டாம். இன்னைக்கு வர்ற கார்கள் கியரில் இறங்கும்போது பெட்ரோலை நிறுத்திடும். நியூட்ரலில்தான் எஞ்சின் குடிச்சுக்கிட்டே இருக்கும்.

ஆடிக் கிருத்திகைக்குக் காரில் கிளம்புற நண்பருக்கு இந்த எபிசோடை அனுப்பி வையுங்க.