ஒரு மணி நேர வானம்

1821, 1822 ஆம் ஆண்டுகளில், இலண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று, ஜான் கான்ஸ்டபிள் என்னும் ஆங்கில ஓவியர் வானத்தை மீண்டும் மீண்டும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். ஏறத்தாழ ஒரு சாண் உயரமுள்ள தாள்கள். பலவற்றில் முகிலன்றி வேறொன்றும் இல்லை. பின்புறத்தில் நாள், மணி, காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்தார். சிலவற்றில் அன்று பின்னர் பெய்த மழையும் பதிவாகியுள்ளது. விற்பதற்கன்று, வானத்தைக் கற்பதற்காகவே அவர் இவற்றை வரைந்தார். நாள்தோறும் சிறு படம் தீட்டிப் பழகுவோர்க்கு அத்தாள்கள் நல்ல வழிகாட்டி.

நீர்வண்ணம், நீர் ஆவியானதும் உலர்ந்துவிடும். எண்ணெய் வண்ணத்தின் இயல்பு வேறு. நிறமியைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய், காற்றிலுள்ள உயிர்வளியை உட்கொள்கிறது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் இறுகுகின்றன. ஆதலால் உலரத் தொடங்கும்போது பூச்சின் எடை குறைவதில்லை, கூடுகிறது! மெல்லிய பூச்சும் கையில் ஒட்டாத நிலையை எய்தச் சில நாள்கள் ஆகும். முகில் ஒரு மணி நேரத்தில் உருமாறிவிடும். வண்ணமோ அப்போதும் ஈரமாகவே இருக்கும். தவறிய இடத்தைக் கத்தியால் வழித்தெடுத்து மீண்டும் தீட்டலாம்.

அடுக்கடுக்காகத் தீட்டும் பெரும்படத்திற்கு ஒரு விதி உண்டு: அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மாறினால், மேற்பரப்பு முந்தி இறுகும். அடியடுக்கு பின்னர் அசையும்போது மேலடுக்கு வெடிக்கும். ஒரே அமர்வில் முடியும் சிறுபடத்தில் இத்தொல்லை இல்லை. கற்பவர் தம் கருத்தையெல்லாம் கண்ணின்மேல் வைக்கலாம்.

பழக்க வேண்டியதும் கண்ணைத்தான். பாரிசின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய வேதியியல் அறிஞர் செவ்ரொல், கருநூல் வெளிறித் தோன்றுகிறது என்னும் முறையீட்டை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை. அருகிலிருந்த நிறங்களே கருமையை மாற்றிக் காட்டின. 1839 இல் அவர் வெளியிட்ட நூல் இவ்வுண்மையை விரித்துரைத்தது. கண் எந்த நிறத்தையும் தனித்து அளப்பதில்லை. அண்டை நிறத்தோடு ஒப்பிட்டே அறிகிறது. வண்ணத்தட்டில் சரியாகத் தோன்றிய சாம்பல் நிறம் படத்தில் நீலமாகத் தோன்றுவது இதனால்தான். எனவே முதற்கண் ஒளி, நடுநிறம், நிழல் என்னும் பெரும்பகுதிகளால் படம் தீட்டும் அட்டை முழுவதையும் நிரப்புக; பின்னரே நுணுக்கத்தை நாடுக.

இப்பயிற்சிக்கு ஓர் எலுமிச்சை, ஒரு வெண்கிண்ணம், ஒரு சாளரம் போதும். பொருளை மாற்றாமல் ஒளியை மட்டும் மாற்றுக: இன்று காலை, நாளை மாலை. சில நாள்கள் கழித்து முந்தைய அட்டையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தால் இன்னொரு பாடம் கிட்டும்: மாங்கனீசு கலந்த பழுப்பு மண்நிறம் விரைந்து உலர்ந்திருக்கும்; எலும்புக்கரியால் ஆன கருப்பு இன்னும் ஈரமாக இருக்கும். ஒவ்வோர் அட்டையின் பின்னும் நாளும் பொழுதும் ஒளியின் திசையும் எழுதப்பட வேண்டும். எழுதாத அட்டைகளை ஒப்பிட இயலாது.

மறைவதற்கு முந்தைய ஆண்டில், 1836 இல், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றிய கான்ஸ்டபிள், ஓவியமும் ஓர் அறிவியலே என்றும் படங்கள் அதன் ஆய்வுச் சோதனைகள் என்றும் எடுத்துரைத்தார். ஹாம்ப்ஸ்டெட் தாள்களைத் திருப்பிப் பார்த்தவர்க்கு அக்கூற்று மிகையாகத் தோன்றாது.