கேட்கத்தக்க சில நிகழ்ச்சிகள்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள், மண்ணெண்ணெய்க்காக நீண்டு கிடந்த வரிசையிலே நாமும் ஒரு வெற்றுக் கலனோடு நின்றோம். எமக்கு முன்னால் நின்றவன் எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவன். "சேர், கப்பல் வந்து நிற்குதாம், இறக்க டொலர் இல்லையாம். காசு அச்சடிக்கிறாங்கள்தானே, பிறகேன் டொலர் இல்லை?" என்று வினவினான். பொருளியற் கொப்பியிலே சென்மதி நிலுவையைப் பற்றி ஐந்து பக்கக் குறிப்பு எழுதி வைத்திருந்தவன் அவன். அக்குறிப்புக்கும் தன் கையிலிருந்த கலனுக்கும் உறவுண்டென்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. பிழை அவனுடையதன்று, கற்பித்த எம்மவருடையது.

செய்தி நடந்ததைச் சொல்கிறது. ஏன் நடந்தது என்பதைச் சொல்ல அதற்கு அவகாசம் இருப்பதில்லை. அக்குறையை நிரப்பும் ஒலி நிகழ்ச்சிகள் சில உள. பொட்காஸ்ட் என்ற பெயரால் அவற்றை இன்று கைத்தொலைபேசியிலே விரும்பிய வேளையிற் கேட்கலாம். அன்று தொட்டு நாம் கேட்டுவந்தவற்றுட் சிலவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

பிபிசி நான்காம் வானொலியின் 'மோர் ஓர் லெஸ்' 2001இல் ஆரம்பமானது. 2007 முதல் அதனை நடத்திவருபவர் பொருளியல் எழுத்தாளர் ரிம் ஹாபோட். பத்திரிகைகளிலும் அரசியல்வாதிகளின் பேச்சுக்களிலும் வரும் எண்களை மறித்து, 'நீ எங்கிருந்து வந்தாய், உன்னை எதனோடு ஒப்பிடுவது?' என்று விசாரிப்பதே இந்நிகழ்ச்சியின் தொழில். இதன் பயனை எமது வீட்டிலேயே கண்டோம். 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி எமது நாட்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். 2023 ஜூலையில் அது 6.3 வீதம். அச்செய்தியைக் கேட்ட எம் மனைவியார், "அப்ப பருப்பு விலை ஏன் இறங்கேல்லை?" என்றார். இறங்கியது விலையன்று, விலை ஏறும் வேகமே. 100 ரூபாப் பொருள் 170 ரூபாவாகி, மறு ஆண்டில் 181 ஆனால், பணவீக்கம் தணிந்துவிட்டது என்பர். ஆயினும் சந்தைக்குக் கொண்டுபோன பை நிறையாது. ஹாபோட்டைச் சில வாரம் கேட்டிராவிடில் நாமும் இதனைத் தடுமாறியே விளக்கியிருப்போம். பிரித்தானியரின் உள்நாட்டுச் சச்சரவுகள் இதில் மிகுதி. அவற்றைத் தாண்டிச் செல்வதிற் குற்றமில்லை.

அமெரிக்கத் தேசியப் பொது வானொலியின் 'பிளானெற் மணி' 2008இல், வீட்டுக்கடன் நெருக்கடி அந்நாட்டை உலுக்கிய வேளையிலே பிறந்தது. பேச்சு நடை சற்று விளையாட்டுத்தனமானது, முதியோர்க்கு உவப்பாகாது. ஆயினும் 2013இல் அவர்கள் செய்த ஒன்றை மறக்கவியலாது. நேயர்களிடமே பணம் திரட்டி ரீசேட் தைப்பித்து, அதன் வழியைப் பின்தொடர்ந்தார்கள். மிசிசிப்பியின் பருத்தி வயலிலிருந்து இந்தோனேசிய நூல் ஆலைக்கும், கொலம்பியத் தொழிற்சாலைக்கும், வங்காளதேசத்துத் தையற் சகோதரியர் இருவரின் சிறு அறைக்கும் அப்பயணம் செல்கிறது. ஆடை ஏற்றுமதியால் டொலர் தேடும் நாடு எமது நாடு. மாணவரிற் சிலருடைய தமக்கையர் அத்தகைய தொழிற்சாலைகளிலே வேலை செய்பவர்கள். வகுப்பிலே இதனை ஒலிக்கவிட்டபோது இருந்த அமைதி எமது விரிவுரைக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

பண்பாட்டுத் துறையில் 1998இல் தொடங்கிய 'இன் அவர் ரைம்' புகழ்பெற்றது. 2025இல் விலகும் வரை மெல்வின் பிராக் அதனை நடத்தினார். பேராசிரியர் மூவரை இருத்தி உரையாடும் அத்தொடரிலே பகவத்கீதை, உபநிடதம், அசோகன் ஆகியவையும் பேசப்பட்டுள்ளன.

எம் உள்ளத்தைப் பெரிதும் தொட்டது 2010இல் ஒலிபரப்பான 'நூறு பொருட்களில் உலக வரலாறு'. பிரித்தானிய நூதனசாலையின் அக்காலத் தலைவர் நீல் மக்கிறெகர், நாளொன்றுக்கு ஒரு பொருளை எடுத்து, 15 நிமிடத்திலே அதன் கதையைக் கூறினார். 54ஆவது பொருள் எமது தீவினுடையது: பொன்முலாம் பூசிய வெண்கலத் தாரா தேவி சிலை. உயரம் 143 சென்ரிமீற்றர். வயது ஏறக்குறைய 1,200 ஆண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்திலே கிடைத்தது. தாரா மகாயான பௌத்தத்தின் தெய்வம். ஆனால் அவளை உருவாக்கிய எண்ணத்திலே இந்துத் தாய்த்தெய்வ மரபும் கலந்திருக்கிறது. இரு சமயங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட காலத்தின் சாட்சி அவள். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபோது தேசாதிபதியாயிருந்த பிரவுண்றிக் மூலம் 1830இல் அந்நூதனசாலையை அடைந்தாள். மேலாடையற்ற வடிவம் பொதுமக்கள் பார்வைக்கு ஒவ்வாதென்று கருதிச் சுமார் 30 ஆண்டுகள் அவளை உள்ளறையிலே வைத்திருந்தனராம்! கோயிலிலே அம்மன் திருவுருவத்தைக் கண்டு வளர்ந்த எமக்கு இது நகைப்பையே தந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் மாணவி ஒருத்தி, "எங்கடை கரையிலை எடுத்த சிலையைப் பற்றி லண்டனிலை இருந்து, அதுவும் இங்கிலீஷிலை கேட்கவேண்டிக் கிடக்கே, சேர்" என்றாள். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

1941இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' எனப் பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம். மின்சாரமற்ற தொண்ணூறுகளிலே சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுழற்றி அதனைக் கேட்ட வீடுகளில் எமதும் ஒன்று. பெடலைச் சுற்றுவது பெரும்பாலும் எமது முறை. அவ்வானொலிச் சேவை 2017இல் நின்றது. பருப்பு விலையையும் தாராவையும் அத்துணை பொறுமையோடு ஆராயும் தமிழ்த் தொடரொன்று எமது செவிக்கு இன்னும் எட்டவில்லை.

ஆதலால் இப்போதைக்கு இடையிடையே நிறுத்தி, தமிழிலே விளக்கித்தான் கேட்பிக்கிறோம். 15 நிமிட நிகழ்ச்சிக்கு ஒரு மணித்தியாலம் செல்கிறது. ஆங்கிலம் கடினமென்று தயங்கும் குடும்பத்தினர் அந்த 54ஆவது பகுதியிலிருந்தே தொடங்கலாம்.